பனியில் விட்ட தொட்டிகள்

எய்யா,

ஹூஸ்டனுக்கு டிக்கெட் போட்டுவிடு. வெள்ளிக்கிழமை காலை விமானமே போதும். சக்கர நாற்காலியெல்லாம் சொல்லிவைக்காதே, இப்போது நன்றாகவே நடக்கிறேன். நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நான் இழுத்ததற்கு நீ என்ன நினைத்தாயோ தெரியவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற மெர்சியை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். அப்படியில்லை. வீடியோவில் பார்த்தவரை அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம் அங்கே ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, எனக்கென்று ஒரு பட்டுப்புடவையை விரித்துக் காட்டி, "இந்த கலர் ஓகேவா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அத்தை என்று சொல்லாமல் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டோமே என்று உடனே நாக்கையும் கடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை. என் இழுவைக்குக் காரணம் வேறு. அதைச் சொல்லாமல் விமானம் ஏறினால், கல்யாண வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அழுது உன் மானத்தை வாங்கிவிடுவேன். அதனால் இங்கேயே அழுதுவிட்டு வருகிறேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே. எட்டு வயதில் பாளையங்கோட்டையை விட்டு வந்தவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் அனுப்பினால் சிக்னலில் நிற்கும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இதை அப்படிப் படிக்க முடியாது. உட்கார்ந்து படி.

கிறிஸ்மஸுக்கு நீ வந்திருந்தபோது, நான் அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். நீ ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றாய். அந்தக் கதவில் ஷெரினும் நானும் மாவு கையோடு சிரிக்கிற போட்டோ ஒட்டியிருந்தது. அதைப் பார்க்காதவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. நீங்க இன்னும் ஷெரின்கிட்ட பேசிட்டுதான் இருக்கீங்களா?" என்று கேட்டாய். "ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா" என்றேன். "ஸ்டாப் பண்ணிடுங்கம்மா, ப்ளீஸ். டைவர்ஸ் முடிஞ்சிருச்சு. மெர்சி இந்த வீட்டுக்கு வரப்போறா. அவளுக்கு இது ஃபேர் இல்ல. கொஞ்சம் அண்டர்ஸ்டாண்ட் பண்ணுங்க" என்றாய். உன் குரலில் அதட்டல் இல்லை. அதட்டியிருந்தால் நானும் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன், நம் குடும்பத்துக்குச் சண்டை போடத் தெரியாதா என்ன. நீ கெஞ்சினாய். உன் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று, "காலேஜை டிராப் பண்ணிடவாம்மா?" என்று கேட்டாயே, அந்தக் குரல். அந்தக் குரலுக்கு நான் எப்போது முடியாது என்றிருக்கிறேன்? "சரிய்யா, இனி பேசல" என்றேன். எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகிவிட்டது.

உனக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்த வசந்தத்தில்தான் எனக்கு முதல் முழங்கால் ஆபரேஷன். நீ முன்னால் போ, அத்தை நடக்க ஆரம்பித்ததும் நான் வருகிறேன் என்று ஷெரின் சொன்னாள். நீயும், "அம்மாவைப் பாத்துக்கோ, ப்ராஜெக்ட் முடிஞ்சதும் நானே நியூஜெர்சிக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்துடறேன்" என்றாய். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் பேசினீர்கள், நான் பக்கத்து அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அடுத்த முழங்கால் வந்தது. உனக்கு அடுத்த ப்ராஜெக்ட் வந்தது. பிஸ்கட்டவேயில் வேலை முடிந்து அவ்வளவு ட்ராஃபிக்கில் பார்சிப்பனியில் நம் வீட்டுக்கு வந்து, எனக்கு ஐஸ் பை வைத்து, தோளில் கை போடச் சொல்லி அந்த நடைபாதையில் என்னை நடக்கவைத்தவள் அவள். மின்னசோட்டாவில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் ஆங்கிலம். என்னோடு இருந்த காலத்தில்தான் அவளுக்குத் தமிழ் பேச வந்தது. அதுவும் நம் திருநெல்வேலித் தமிழ். ஒருநாள் என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் அத்தை, இத முழுங்கலியா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. புருஷன் ஒரு ஊரில், பெண்டாட்டி ஒரு ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கைக்கடியில் அவள் தோள் இருப்பது சுகமாக இருந்தது. "நீ கிளம்பும்மா, நான் பார்த்துக்கிடுதேன்" என்று நான் சொல்லவே இல்லை. இதை நீ என்னிடம் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷ ஆகஸ்டில்தான் அவள் அப்பா தன் தோட்டத்திலிருந்து விதை அனுப்பினார். அனிமோனி என்று ஒரு பூ, குளிர்ப்பிரதேசத்துக் காட்டுச் செடி, வெள்ளையாகப் பூக்குமாம். விதையைப் பார்த்தால் விதை மாதிரியே இல்லை, தலையணை பிய்ந்தால் வருமே, அந்தப் பஞ்சு மாதிரி இருந்தது. அந்தப் பஞ்சோடே தொட்டி மண்மேல் பரப்பி, மேலே கொஞ்சம் பொடிக்கல்லைத் தூவி, அணில் கிண்டாமல் இருக்கக் கம்பிவலை போட்டு மூடி, கராஜுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் வரிசையாக வைத்தாள். "இதுக்கு வின்டர் வேணும் அத்தை. மாசக்கணக்கா ஈரமும் குளிரும் இருந்தாதான் முளைக்கும்" என்றாள். பூப்பதற்கு அதற்குமேல் இரண்டு மூன்று வருஷம் ஆகுமாம். "அவ்வளவு நாளா?" என்றேன். "அதுக்குள்ள அவர் வந்துடுவார்ல? நாங்க வீடு வாங்கினா அங்க நடணும்" என்றாள். ஹூஸ்டன் வெக்கையில் அந்தச் செடி பிழைக்காது. நீ திரும்பி வருவாய் என்று நம்பித்தான் அவள் விதைத்தாள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்டோபரில் முதல் உறைபனி எச்சரிக்கை வந்தது. உனக்குத்தான் தெரியுமே, அன்றைக்கு நம் சபை வாட்ஸப் குழுவில் வேத வசனம்கூட வராது, "எல்லாரும் கறிவேப்பிலையை உள்ள எடுத்தாச்சா?" என்று ஒரே அமளி. நானும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கறிவேப்பிலையையும் மல்லிகையையும் உள்ளே நகர்த்தினேன். அந்த அனிமோனித் தொட்டிகளைப் பார்த்தேன். பாவம், இதுகள் மட்டும் வெளியே கிடந்து விறைக்கணுமா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, லாண்டரி அறையில் ஹீட்டர் காற்று வருகிற ஓரத்தில் கதகதப்பாக வைத்துவிட்டேன். நான் மருந்துக் கம்பெனி லேபில் காலமெல்லாம் வேலை பார்த்தவள், எந்த சாம்பிளை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஷெரின் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அத்தை! இது கறிவேப்பிலை இல்ல!" என்று எல்லாவற்றையும் திரும்ப வெளியே கொண்டுபோய் வைத்தாள். நான் விட்டேனா? பெரிய பனி கொட்டிய அன்று அவள் வேலைக்குப் போனதும் திரும்ப உள்ளே எடுத்தேன். அவள் வெளியே வைப்பதும் நான் உள்ளே எடுப்பதுமாகவே அந்தக் குளிர்காலம் போயிற்று. வசந்தம் வந்தது. ஒரு தொட்டியிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. மண்ணை விரல்நுனியால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "செத்திருக்காது. இன்னொரு வின்டர் குடுத்துப் பாக்கலாம்" என்றாள். அந்த வாரம்தான் நீ போன் பண்ணி, டிரான்ஸ்ஃபர் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விட்டது என்று சொன்னாய். அவள் போனை வைத்துவிட்டு வந்து ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள். நான், "அவன் என்ன செய்வாம்மா, வேலை அப்படி" என்றேன். நீ தள்ளிப்போட்ட ஒவ்வொரு தடவையும் உனக்காக நான்தான் சமாதானம் சொன்னேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அவள் அழுது, சண்டை போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டிய நேரத்தில், நான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து உட்காரவைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீ வந்தாய், இரண்டு பேரும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினீர்கள், சத்தமே வரவில்லை. சத்தம் வரவில்லையே என்றுதான் நான் மாடிப்படிக்கடியிலேயே நின்றேன். கீழே இறங்கி வந்து நீ, "நாங்க ரூம்மேட்ஸ் மாதிரிகூட இல்லம்மா. எங்களுக்குள்ள பேசறதுக்கே ஒண்ணும் இல்ல" என்றாய். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, மெர்சி எல்லாம் அதற்கப்புறம்தான் என்று நீ சொன்னதை நான் நம்புகிறேன். ஷெரினும் அதையே சொன்னாள். அக்டோபர் கடைசியில் பிஸ்கட்டவேயில் ஒரு அபார்ட்மென்டுக்குப் போனாள். அங்கே தொட்டி வைக்க இடமில்லை. காரில் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு என்னைக் கராஜுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். "அத்தை, ஒரே ஒரு ஹெல்ப். இத மட்டும் உள்ள எடுக்காதீங்க. எவ்வளவு ஸ்நோ வந்தாலும் எடுக்காதீங்க, என்ன?" என்றாள். என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

எடுக்கவில்லை, எய்யா. இந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். தொட்டிகள் பனிக்கடியில் புதைந்து, எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்று அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உனக்குக் கொடுத்த வாக்கையும் அதே கையோடுதான் காப்பாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளும் புரிந்துகொண்டு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. போட்டோவையும் எடுத்து பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் வலையை விலக்கிப் பார்த்தால், எல்லாத் தொட்டியிலும் பச்சை. கொத்தமல்லி முளைத்து வருமே, அந்த மாதிரி குட்டிக்குட்டி இலை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புது முழங்காலோடு தரையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அது நினைவுக்கே வரவில்லை. "ஷெரின், ஓடி வாம்மா!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் வீட்டில் யாருமில்லை என்பது உறைத்தது. நீ வந்தாலும், நாளைக்கு மெர்சி வந்தாலும், அந்த ஒரு நிமிஷத்தில் நான் எப்படித் தனியாக இருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மதர்ஸ் டே அன்று நீ பூங்கொத்து அனுப்பியிருந்தாய். சாயங்காலம் ஷெரின் கூப்பிட்டாள். இத்தனை மாதம் எடுக்காதவள் அன்று எடுத்துவிட்டேன், அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். வாழ்த்துச் சொன்னாள். மின்னசோட்டாவிலேயே வேலை கிடைத்துவிட்டது, அப்பாவோடு போய் இருக்கப்போகிறேன், மாதக் கடைசியில் கிளம்புகிறேன் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த சீட்ஸ் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது என்று சொன்னால் எடுக்க வருவாள். வந்தால் உட்காரச் சொல்வேன், சாப்பிடச் சொல்வேன். உனக்கு என்ன பதில் சொல்வது? "ஒண்ணும் வரலம்மா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். அவள், "உள்ள எடுத்துட்டீங்களா அத்தை?" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை பாலைக் கொட்டிவிட்டால் கேட்போமே, அப்படிக் கேட்டாள். நான், "ஆமாம்மா, மனசு கேக்கல" என்றேன். லேசாகச் சிரித்துவிட்டு, "பரவால்ல அத்தை, அன்புலதான பண்ணீங்க" என்றாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை நான் உயிரைப் பிடித்துக்கொண்டு செய்திருக்கிறேன். செய்யவில்லை என்று என் வாயாலேயே சொல்லி, அதற்கு அவளிடமே மன்னிப்பும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. நானே கூப்பிட்டேன். "நான் உள்ள எடுக்கவே இல்லம்மா. ஒருநாள்கூட எடுக்கல. எல்லாம் முளைச்சிருக்கு. வந்து எடுத்துட்டுப் போ" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதது கேட்டது. ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தாள். சோறும் மீன்குழம்பும் வைத்திருந்தேன். பசிக்கவில்லை என்றவள், பிறகு இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள். உன்னைப் பற்றி, "ஹி இஸ் ஹேப்பி, இல்ல அத்தை?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "குட்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், அவள் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியும். தொட்டிகளைக் காரின் பின்சீட்டில் வைத்து, சுற்றிலும் துண்டைச் சுருட்டி அணைகொடுத்தாள். ஒரு தொட்டியை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினாள். "இது உங்களுக்கு. வெளியவே இருக்கட்டும், ரெண்டு மூணு வருஷத்துல பூத்துடும்."

"வேண்டாம்மா" என்றேன். "பூத்தா உன்கிட்ட சொல்லணும்னு தோணும்."

"சொல்லுங்களேன்."

"சொல்லக்கூடாது. என் மகன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

அவள் அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அப்ப எங்க வீட்ல பூத்தா போட்டோ அனுப்பறேன், ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

"அனுப்பாத" என்றேன்.

தலையை ஆட்டினாள். அந்தத் தொட்டியையும் மற்றவற்றோடு வைத்துவிட்டு, என்னை ஒருதரம் கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள். இதுதான் நடந்தது. இரண்டு போனும் ஒரு சாப்பாடும் அளவுக்கு உனக்குக் கொடுத்த வாக்கை மீறியிருக்கிறேன், மற்றபடி காப்பாற்றிவிட்டேன். இனி அவள் கூப்பிட மாட்டாள். நானும் கூப்பிட மாட்டேன். நீ நிம்மதியாக இருக்கலாம்.

கல்யாணம் பண்ணப்போகிற மகனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. "அடுத்த வருஷம்" என்கிற வார்த்தையை மெர்சியிடம் சொல்லாதே. கோபம் வந்தால் சத்தமாகவே சண்டை போடு, கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசாதே. எனக்கு நாளைக்கு வேறு எந்த எலும்பு முறிந்தாலும் அவளை இங்கே அனுப்பிவைக்காதே, நான் நர்ஸ் வைத்துக்கொள்கிறேன். நீ கெட்டவன் இல்லை, ஷெரினும் கெட்டவள் இல்லை, நானும் கெட்டவள் இல்லை. மூன்று நல்லவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை இப்படிக் காலி பண்ண முடியும் என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

மெர்சி எடுத்த புடவையையே கட்டிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல். சபையில் உன் பக்கத்தில் நிற்பேன், உங்கள் இரண்டு பேர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பேன், அழமாட்டேன். அதற்குள் நீ எனக்கு ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும். இந்தப் பெண்மேல் நான் பாசம் வைக்கலாமா, வேண்டாமா? வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு, மாமியார் மாதிரி நடந்துகொள்ள எனக்கும் தெரியும். வைக்கலாமென்றால், வைத்த பிறகு எடு என்று சொல்லாதே. இன்னொரு தடவை என்னால் முடியாது.

அம்மா